வயசு போனால் மூச்சு வாங்கத்தான் வேண்டுமா?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று எந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியவர் ஒருவர் கீழே ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறி வருகையில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். "வயசு போச்சுதானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவரும் அதை ஒப்புக்கொள்கிறார். கிளினிக்கில் யாராவது ஒரு தாதி, "கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்க, மூச்சு விடுறதப் பழகிக்கிங்க" என்று சொல்லி அனுப்பினால் வீட்டில் அதற்குச் சிரிப்புத்தான் கிடைக்கும். "நாப்பது வருசம் மலை ஏறி எறங்கின ஒடம்பு. இதுக்கு மேல என்ன எக்சசைஸ்? மூச்சு விடுறதுக்குக்கூட ஒருத்தர் சொல்லிக் குடுக்கணுமா?"

லயத்தில் இருப்பவர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் பேசுகிறார்கள். தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களும் பேசுகிறார்கள். உழைத்த உடம்பைப் பற்றிய பெருமையும் பெற்றவர்கள்மேல் உள்ள பாசமும் இந்தக் கருத்தில் கலந்திருப்பதால் யாரும் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இது தவறான கருத்து. வைத்தியம் பார்த்தால் குணமாகவோ குறையவோ கூடிய நோயை இது வயதின் கணக்கில் எழுதிவிடுகிறது. எழுதிய பிறகு அந்தப் பெரியவரை யாரும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவதில்லை.

முதலில் வயது. முப்பதைத் தாண்டிய பிறகு, ஒரு நொடியில் ஊதி வெளியே தள்ளக்கூடிய காற்றின் அளவு வருடத்துக்கு இருபத்தைந்து, முப்பது மில்லிலீட்டர் வீதம் குறைந்துகொண்டு போகும். எழுபது வயதாகும்போது ஏறத்தாழ ஒரு லீட்டர் குறைந்திருக்கும். நெஞ்சுக்கூடும் முன்னைப்போல விரிந்து கொடுக்காது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நல்ல நுரையீரலில் கையிருப்பு நிறைய உண்டு. நோயில்லாத எழுபது வயதுக்காரர் மெதுவாக நடந்து ஒரு சின்ன ஏற்றம் ஏறும்போது இந்தக் குறைவு வெளியே தெரியாது. நின்று நின்று மூச்சு வாங்குகிறார் என்றால் வேறு ஏதோ இருக்கிறது: புகையால் கெட்ட சுவாசக் குழாய், இழுப்பு, பலவீனமான இருதயம், இரத்தச் சோகை, அல்லது வேலையை விட்ட நாள் முதல் அசையாமல் கிடந்து கரைந்துபோன தசை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு.

நமது மலைகளில் இந்தக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. லயக் காம்பராவின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய இரட்டை லயங்களில் பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. இருப்பது முன்வாசல் ஒன்றுதான். விடியுமுன் எழுந்து, ஈர விறகை மூட்டி, ஊதுகுழலால் ஊதி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்துவிட்டுத்தான் ஒரு பெண் பிரட்டுக்கு ஓடினாள். பத்து வயதில் அந்த அடுப்பின் முன் உட்கார்ந்தவள் அறுபதிலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. சுருட்டையோ பீடியையோ தொட்டே பார்க்காத பெண்களுக்குப் புகைபிடிப்போரின் நுரையீரல் நோய் வருவது இப்படித்தான். 2022 நெருக்கடியில் காஸ் கிடைக்காமல் போனபோது, அப்போதுதான் விறகை விட்டிருந்த சில வீடுகளும் மறுபடி விறகுக்கே திரும்பின.

ஸ்டோரில் வேலை செய்தவர்களின் கதை வேறு. தேயிலை அரைத்துச் சலிக்கும் இடத்தில் பறக்கும் தூசு மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும் என்பது இன்று கண்டுபிடித்த சங்கதியில்லை. நம் நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட 1970இலேயே தேயிலைத் தூசால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி 'தோராக்ஸ்' இதழில் எழுதினார். அதன் பிறகும் ஸ்டோரில் இருபது வருடம் சலிப்பு மெசினுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவருக்கு இருமலும் இளைப்பும் வந்தால் "வயசு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"நம்ம மலைக் காத்தே மருந்து" என்பதும் இதன் கூடப்பிறந்த பேச்சு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் நுவரெலியாவை நோயாளிகள் தேறும் இடமாக ஆக்கியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. குளிர்ந்த காற்றை வாங்க வந்தவர்கள் பங்களாவில் தங்கி ஓய்வெடுத்தார்கள். கொழுந்து பறித்தவர்கள் அதே காற்றில் மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார்கள், ராத்திரி புகைக்குள் படுத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசன் கடற்கரையில் போவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்த நல்ல உடம்புக்கு அது ஒரு பொருட்டில்லை. கெட்டுப்போன நுரையீரலுக்கு அது பெரிய விஷயம். பனி கொட்டும் விடியற்காலைக் காற்று இழுப்புள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். பெரியவர்களை அதிகாலையில் நடக்கச் சொல்லும் பொதுப் புத்தி கொழும்புக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு நடக்கட்டும். மூக்கு வழியே மூச்சு எடுக்கட்டும், மூக்கையும் வாயையும் ஒரு துணியால் சுற்றிக்கொள்ளட்டும்.

இனி அந்தப் பெரிய வாதத்துக்கு வருவோம். வாழ்நாள் முழுக்க மலை ஏறியவருக்கு உடற்பயிற்சி தேவையில்லையாம்.

உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கோபன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கு அவை கூடின. டென்மார்க் வேறு, டயகம வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் தேயிலை மலைதான் கண்முன் வருகிறது: இளைப்பாற இடமில்லாமல் மணிக்கணக்கில் நீளும் வேலை, ஒரே மாதிரி வளைந்து நிற்கும் உடம்பு, பாரம், தன் விருப்பப்படி வேகத்தைக் குறைக்க முடியாத நிலை. இவை இருதயத்தைப் பலப்படுத்துவதில்லை, தேய்க்கின்றன.

கொழுந்து பறிக்கும் உடம்பைப் பாருங்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, குனிந்த கழுத்து, முன்னே நீட்டிய கைகள். நெஞ்சு விரிய அங்கே இடமே இல்லை. முப்பது, நாற்பது வருடம் இப்படி நின்றவரின் முதுகு வயதான காலத்தில் கூன் விழுந்து நெஞ்சுக்கூட்டை இன்னும் அமுக்குகிறது. நாள் முழுக்க மேலோட்டமான குட்டி மூச்சில் வேலை செய்யப் பழகிய உடம்பு அது. அன்றைய கிலோ சேராவிட்டால் அரைப்பேர் என்று இருந்தபோது மூச்சு வாங்கினால் நின்று கொள்ளலாம் என்று யார் அவரிடம் சொன்னார்கள்? ஏறியது உண்மை. மூச்சுக்கு ஏற்ற நடையில் ஏற அவருக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை என்பதும் உண்மை. பயிற்சி என்பது அந்த இடத்தை முதல் தடவையாக அவருக்குக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது விழாமல் நிற்கவும் தசை வலுக்கவும் உதவும் பயிற்சிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. முன்பு உழைத்தவர்களுக்கு இது வேண்டாம் என்று எந்த விதிவிலக்கும் அதில் இல்லை.

மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்ற வாதம் எங்கே உடைகிறது என்றால் விறகுக் கட்டில்தான். வேலையை விட்ட பிறகும் நம் பெண்கள் விறகு பொறுக்கப் போகிறார்கள். கட்டைத் தலைக்கு ஏற்றும் அந்த நிமிடத்தில் எல்லாரும் செய்வது ஒன்றே: தம் கட்டித் தூக்குவது. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். மூச்சைப் பிடித்தால் பலம் வரும் என்பது பொய்யில்லை. வயிறும் நெஞ்சும் இறுகி முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது. அதற்கு இருதயமும் மூளையின் இரத்தக் குழாய்களும் கொடுக்கும் விலைதான் பெரியது. உடல்வலு மிக்க விளையாட்டு வீரர்களைத் தங்கள் முழுப் பலத்தோடு காலால் பாரத்தைத் தள்ளச் சொல்லி இரத்த அழுத்தத்தை அளந்து 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சைப் பிடித்துத் தள்ளியபோது அழுத்தம் சராசரியாக 311/284. அதே பாரத்தை மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே தள்ளியபோது 198/175. பாரம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். விறகுக் கட்டு அந்த அளவு பாரமில்லைதான். ஆனால் தூக்குபவருக்கு அறுபத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம், பழைய இரத்தக் குழாய்.

ஆகவே பாரத்தைத் தொடுமுன் மூச்சை உள்ளே எடுக்க வேண்டும், தூக்கும்போது வாய் வழியே வெளியே விட வேண்டும். இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து எழும்போதும் அப்படியே: உட்கார்ந்திருக்கையில் எடுத்து, எழுகையில் விடுவது. தண்ணீர் வாளியை உயர்த்தும்போதும், மலசலகூடத்தில் முக்கும்போதும் இதுதான். முடிந்தால் இரண்டு நடையில் சின்னச் சின்னக் கட்டாகக் கொண்டுவரட்டும்.

இளைப்பு வந்தவரைச் சுற்றி நிற்பவர்கள் "நல்லா மூச்ச இழுங்க, இழுங்க" என்று சொல்வதும் தப்பான பக்கத்தைப் பிடித்துக்கொள்வதுதான். புகையால் கெட்ட நுரையீரலில் கோளாறு பெரும்பாலும் காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில். சின்னக் குழாய்கள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. பயத்தில் வேகமாக மூச்சு எடுக்க எடுக்க, விடுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைந்து, சிக்கிய காற்றின் மேலேயே புதுக் காற்று ஏறுகிறது. நெஞ்சு நிறைந்து இறுகிப்போன பிறகு இழு என்றால் எங்கே இழுப்பது? அவரிடம் முதலில் விடச் சொல்ல வேண்டும். மூக்கு வழியே இரண்டு எண்ணும் நேரம் எடுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக விடுவது. சூடான தேத்தண்ணியை ஆற்ற ஊதுவது போல மெல்ல ஊதினால் போதும், ஊதுகுழலில் ஊதும் பலம் வேண்டாம். குவிந்த உதடு உள்ளே ஒரு சிறு அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது, குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்வதில்லை. தோளைத் தூக்காமல், வயிறு மெல்ல முன்னே வந்து போகிற மாதிரி விட்டால் இன்னும் நல்லது.

இதை ஏற்றத்தோடு சேர்த்துப் பழக வேண்டும். இரண்டு அடி வைக்கும்போது எடுத்து, மூன்று நான்கு அடி வைக்கும்போது விடுவது. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறும் பெரியவர்களை டிசம்பர் போயா முதல் வெசாக் வரையான காலத்தில் கவனித்துப் பாருங்கள். 2,243 மீட்டர் உச்சிக்கு ஆயிரக்கணக்கான படிகள். இளைஞர்கள் தாவி ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வைத்து, வாயில் நாமம் சொல்லிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவதும் உண்டு. அந்தப் பாட்டி யாரிடமோ பார்த்துப் பழகிக்கொண்டதுதான் அந்த நடை. பழகாத மற்றவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

வாயில் நாமம் சொல்வதில் ஒரு பயன் இருக்கிறது. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். பேசவும் முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. மெசின் இல்லாமல் எவரும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளலாம்.

இதனால்தான் தோட்டங்களில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சியைக் கும்மியில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பாட்டிகள் குளிர்த்தி காலத்திலும் திருவிழாவிலும் கும்மி அடித்து வளர்ந்தவர்கள். வட்டமாக நடப்பது, லேசாகக் குனிந்து நிமிர்வது, கையை விரித்துத் தட்டுவது, ஒரு காலில் பாரம் மாற்றி நிற்பது எல்லாம் அதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்கும் சமநிலைப் பயிற்சியும் அதுவே. அதோடு பாட்டு. ஒரு அடியைப் பாடி முடிக்க வேண்டுமென்றால் மூச்சை நீளமாக, கொஞ்சங்கொஞ்சமாக விட்டாக வேண்டும். அடிக்கும் அடிக்கும் இடையில் சட்டென்று எடுக்க வேண்டும். ஒப்பாரி வைக்கும் அம்மாக்களுக்கும் தாலாட்டுப் பாடியவர்களுக்கும் இது கைவந்தது. பிரித்தானியாவில் நுரையீரல் நோயாளிகளைக் குழுவாகச் சேர்த்துப் பாட வைக்கிறார்கள். நமக்கு அதற்குரிய பாட்டும் வட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. பாட முடியாமல் திணறுகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார், வேறு யாரும் அளக்கத் தேவையில்லை. ஆண்களுக்குக் கோலாட்டம் இருக்கிறது. வெட்கப்படுபவர்கள் வட்டத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகட்டும்.

தொலைக்காட்சியைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்யும் வழக்கமும் இப்போது மலைக்கு வந்துவிட்டது. பிராணாயாமத்தை நான் குறை சொல்லவில்லை. மூச்சை அடக்காமல் மெதுவாக எடுத்து மெதுவாக விடும் முறைகள் எவருக்கும் நல்லவை. ஆனால் நீண்ட நேரம் மூச்சை அடக்கும் கும்பகமும், வயிற்றை வெட்டி வெட்டி வேகமாக விடும் கபாலபாதியும் பிரஷர், இருதய நோய், குடலிறக்கம் உள்ள பெரியவர்களுக்கு ஆகாது. முகம் தெரியாத ஒருவர் திரையிலிருந்து சொல்வதைக் கேட்டு இவற்றைச் செய்ய வேண்டாம்.

என் கருத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து வரும். "வீட்டைக் குடு, புகைபோக்கி குடு, காஸ் குடு. அதையெல்லாம் விட்டுட்டு, கெட்டுப்போன நெஞ்சை வச்சிக்கிட்டு எப்பிடி மூச்சு விடுறதுன்னு கெழவிக்குப் பாடம் நடத்துறியா?" இந்தக் கோபம் நியாயமானது. புகைக்குக் காரணமானவர்களை விட்டுவிட்டுப் புகையைத் தின்றவரைத் திருத்தப் போவது அநீதி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய் முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. இந்திய உதவியோடு 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று பேச்சும் வேலையும் நடந்தும், இன்றும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான். வீடும் காற்றோட்டமும் முதல் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. ஆனால் எழுபத்திரண்டு வயதானவர் அந்த வீட்டுக்காக இன்னும் பத்து வருடம் மூச்சு வாங்கிக்கொண்டே காத்திருக்க வேண்டுமா? புகையை நிறுத்தினாலும் ஏற்கெனவே கெட்டது பழையபடி ஆகாது. மிச்சமிருக்கும் நுரையீரலை வைத்து அவர் கோயிலுக்கும் கடைக்கும் நடக்க வேண்டும். அதற்கு உதவுவது பயிற்சி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கான உடற்பயிற்சி மறுவாழ்வைப் பற்றி 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு, இளைப்பு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்று ஐயமில்லாமல் சொன்னது. வெறும் மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்து நடக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அளவு பயன் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூச்சு முறை நடையைத் தொடங்க வைக்கிறது. உடம்பைத் தேற்றுவது நடை.

இளைப்பு உள்ள எவரும் தானாகப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது, முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே இளைப்பு, ராத்திரி மூச்சு முட்டி எழுவது, கால் வீக்கம், உதடு நீலமாவது, தலை சுற்றி விழுவது இருந்தால் பயிற்சி என்ற பேச்சே வேண்டாம். முதல் வேலை வைத்தியசாலை. நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ திடீரென்று வந்தால் 1990க்கு அழைக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. வைத்தியர் இன்ஹேலர் கொடுத்தால் "பழகினா விடேலாது" என்று ஒளித்து வைப்பது இன்னொரு கேடு. இன்ஹேலருக்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. பயிற்சிக்கு முன் எடுக்கச் சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடம் முன்பே எடுத்துவிட்டு, கையோடு கொண்டும் வர வேண்டும்.

அரசிடமும் கம்பனிகளிடமும் கேட்க வேண்டியது பெரிய செலவுள்ள காரியமில்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியா வைத்தியசாலையிலும் தொடங்கி, தோட்ட டிஸ்பென்சரி வரை, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் "மூச்சு வாங்குது" என்று சொன்னால் "வயசு" என்று எழுதாமல் நெஞ்சைக் கேட்டு, பிரஷர் பார்த்து, இரத்தத்தைச் சோதித்து, ஊதச் சொல்லி அளக்க வேண்டும். ஊதி அளக்கும் சின்னக் கருவி விலை குறைந்தது, பற்றரிகூட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். பெரியவர்களைத் தேடி வர யாருமில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்தின் வழியே அமைந்த முதியோர் சங்கங்கள் ஊர்களில் இயங்குகின்றன. தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு சங்கம் வாரம் மூன்று நாள் கூடட்டும். பெரும்பாலான தோட்டங்களில் சமதரையாக இருப்பது பிரட்டுக்களம் ஒன்றுதான். காலைப் பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு அது பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது. அதை வேலையை விட்ட பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் திறந்துவிட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் உட்கார நாலு வாங்கும் போட்டுக் கொடுக்க வேண்டும். பயிற்சியை நடத்த ஒரு தாதியோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ மாதம் ஒரு தடவை வந்து, கும்மி தெரிந்த இரண்டு அம்மாக்களுக்கு முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் மற்ற நாட்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.